அரசர் வீட்டில் ஒரு சபை: வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை பற்றிச் சிறுவர்கள் கேட்கும் கேள்விகள்

லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் உயரமான மணிக்கூண்டோடு நிற்கும் கட்டடத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பிரிட்டன் நாடாளுமன்றம் கூடுவது அங்கேதான். ஆனால் அந்த இடத்தை யாரும் நாடாளுமன்றத்துக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அது அரசர்களின் வீடு. அங்கே இன்றும் நடக்கும் பல வேடிக்கையான வழக்கங்களுக்கு அதுதான் காரணம்.

அந்த அரண்மனையை முதலில் கட்டியது யார்?

எட்வர்ட் என்ற அரசர். 1042 முதல் 1066 வரை இங்கிலாந்தை ஆண்டவர். அப்போது அது சேறும் முட்செடியுமாகக் கிடந்த ஓர் ஆற்றுத்திட்டு. அங்கே பெரிய தேவாலயம் ஒன்றைக் கட்டி, அதன் பக்கத்திலேயே தனக்கு ஒரு வீடும் கட்டிக்கொண்டார். அந்த வீட்டில் இன்று எதுவும் மிச்சமில்லை.

மிச்சமிருப்பவற்றில் மிகப் பழையது வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் என்ற மண்டபம். 1097-இல் இரண்டாம் வில்லியம் கட்டத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் முடிந்துவிட்டது. நீளம் ஏறக்குறைய 73 மீட்டர், அகலம் 20 மீட்டர். முதன்முதலில் உள்ளே வந்தவர்கள் அதன் பிரமாண்டத்தைப் பார்த்து வாய்பிளக்க, அரசரோ “என் படுக்கையறை அளவுக்குத்தான் இருக்கிறது” என்று அலட்டிக்கொண்டதாக ஒரு கதை உண்டு.

அவ்வளவு பெரிய மண்டபத்தில் என்ன செய்தார்கள்?

என்னதான் செய்யவில்லை என்று கேட்கலாம். முடிசூட்டு விருந்துகள் அங்கே நடந்தன. விருந்துக்கு நடுவே கவசம் அணிந்த வீரர் ஒருவர் குதிரையிலேயே உள்ளே வருவார். “இவர்தான் அரசர், மறுப்பவர் என்னோடு சண்டைக்கு வரலாம்” என்று கையுறையைத் தரையில் வீசுவார். இது கடைசியாக நடந்தது 1821-இல்.

நாட்டின் முக்கியமான நீதிமன்றங்களும் பல நூற்றாண்டுகள் அங்கேதான் இருந்தன. ஒரு மூலையில் வழக்கு நடக்கும். சுவரோரமாகப் புத்தகக் கடை, பேனாக் கடை, வக்கீல்கள் தலையில் வைக்கும் பொய்முடி விற்கும் கடை. அரசர் வீடு என்றாலும் ஊர்ச் சந்தை மாதிரிதான் இருந்திருக்கிறது.

மேலே இருக்கும் மரக்கூரையைத் தவறவிடாதீர்கள். 1390-களில் இரண்டாம் ரிச்சர்ட் போட்ட ஓக் மரக்கூரை அது. அவ்வளவு அகலத்துக்கும் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிய மரக்கைகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. ஹியூ ஹெர்லண்ட் என்ற தச்சரின் வேலை. 1920-களில் அந்தக் கூரையைப் பழுதுபார்க்க ஏறியவர்களுக்கு உத்தரங்களுக்கிடையே பழைய டென்னிஸ் பந்துகள் கிடைத்தன! உள்ளே முடி அடைத்த தோல் பந்துகள். யாரோ உற்சாகமாக அடித்தது மேலே போய்ச் சிக்கி, சில நூறு ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டது.

அரசரின் வீடு நாடாளுமன்றம் ஆனது எப்படி?

ஒரே நாளில் ஆகவில்லை. யாரும் திட்டமிட்டும் செய்யவில்லை.

அந்தக் காலத்தில் அரசர் பிரபுக்களையும் ஆயர்களையும் தன் இடத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்பார். போருக்குப் பணம் தேவைப்படும்போது இந்த அழைப்பு அடிக்கடி வரும். 13-ஆம் நூற்றாண்டில் மாவட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும்கூட ஆட்களை வரச்சொன்னார்கள். 1265-இலும் 1295-இலும் கூடிய கூட்டங்கள் இதில் பேர்போனவை. பிரபுக்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து பேசத் தொடங்கி, நாளடைவில் பிரபுக்கள் சபை, மக்கள் சபை என்று இரண்டாகப் பிரிந்தன.

1512-இல் அரண்மனையில் தீப்பிடித்தது. அரச குடும்பம் வசித்த பகுதி எரிந்துபோனது. அப்போதைய அரசர் எட்டாம் ஹென்றி அதைத் திரும்பக் கட்டவில்லை. பிறகு பக்கத்திலேயே ஒயிட்ஹால் என்ற வேறு அரண்மனைக்குக் குடிபோய்விட்டார். வீட்டுக்காரர் போனார், கூட்டத்துக்கு வந்தவர்களும் நீதிபதிகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவ்வளவுதான் கதை.

பிரபுக்களுக்கு அரண்மனையிலேயே ஓர் அறை இருந்தது. மக்கள் சபைக்குத்தான் சொந்த இடம் இல்லை. பக்கத்துத் தேவாலயத்தைச் சேர்ந்த அறைகளில் கூடிவந்தார்கள். 1550 வாக்கில்தான் அரண்மனைக்குள் இருந்த புனித ஸ்டீபன் சிற்றாலயம் அவர்களுக்குக் கிடைத்தது.

எம்.பி.க்கள் ஏன் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்?

அந்தச் சிற்றாலயத்தால்தான். பாடகர் குழு இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து பாடுவதற்கு அங்கே பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். எம்.பி.க்கள் வந்து அதே மாதிரி உட்கார்ந்தார்கள். பலிபீடம் இருந்த இடத்தில் சபாநாயகரின் நாற்காலி. ஒரு பக்கம் ஆளுங்கட்சி, எதிர்ப்பக்கம் எதிர்க்கட்சி என்ற இன்றைய அமைப்பு அந்தப் பெஞ்சுகளிலிருந்து வந்ததுதான். சிற்றாலயம் பின்னாளில் எரிந்துபோனபோதும் புதிய சபையை அதே மாதிரியே கட்டினார்கள்.

தரையில் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு இருக்கும். பேசும்போது எம்.பி. அதைத் தாண்டக் கூடாது. இரண்டு கோடுகளுக்கும் இடையே இரண்டு வாள் நீள இடைவெளி என்று சொல்வார்கள். வாளோடு இப்போது யாரும் வருவதில்லைதான். ஆனாலும் கோட்டுகளை மாட்டும் அறையில் ஒவ்வோர் எம்.பி.க்கும் வாளைத் தொங்கவிட ஒரு ரிப்பன் இன்றும் உண்டு.

அரசர் அங்கே இப்போதும் குடியிருக்கிறாரா?

இல்லை. ஆனால் சட்டப்படி அது இன்னமும் அரச அரண்மனைதான்.

அப்படியானால் அரசர் எந்த அறைக்குள்ளும் போகலாமா?

ஓர் அறைக்குள் மட்டும் போகக் கூடாது. மக்கள் சபை.

1642 ஜனவரி 4. முதலாம் சார்லஸ் அரசருக்கும் மக்கள் சபைக்கும் பெரிய தகராறு. ஐந்து எம்.பி.க்களைக் கைதுசெய்ய, ஆயுதம் தாங்கிய வீரர்களைக் கூட்டிக்கொண்டு அரசரே வந்துவிட்டார். வீரர்கள் வாசலில் நிற்க, அவர் நேராக உள்ளே போய்ச் சபாநாயகரின் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். ஐந்து பேரையும் காணோம்! முன்கூட்டியே தகவல் கிடைத்து, படகேறித் தப்பியிருந்தார்கள். அவர்கள் எங்கே என்று சபாநாயகர் வில்லியம் லெந்தாலைக் கேட்டார். லெந்தால் முழங்காலிட்டு, இந்தச் சபை சொன்னால் தவிர எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்றார். அரசரிடம் மரியாதையாக முடியாது என்று சொல்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அரசர் வெறுங்கையோடு திரும்பினார். ஏழு ஆண்டுகள் கழித்து வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் அவரையே நிறுத்தி விசாரித்தார்கள். மரண தண்டனையும் கொடுத்தார்கள்.

அதன் பிறகு சபை நடக்கும்போது எந்த அரசரும் அரசியும் மக்கள் சபைக்குள் நுழைந்ததில்லை. நாடாளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடங்கிவைக்க வரும்போது பிரபுக்கள் சபையில்தான் உட்காருவார்கள். எம்.பி.க்களை அழைத்துவர, கறுப்புக் கோல் ஏந்திய அதிகாரி ஒருவர் போவார். பிளாக் ராட் என்பது அவருடைய பதவிப்பெயர். அவர் வாசலுக்கு வந்ததும் கதவை முகத்தில் அறைந்து சாத்துவார்கள். கோலால் மூன்று முறை தட்டிய பிறகுதான் திறப்பார்கள். அன்று ஓர் எம்.பி.யை பக்கிங்ஹாம் அரண்மனையில் ‘பிணையாக’ வைத்திருப்பார்கள். அரசர் பத்திரமாகத் திரும்பினால்தான் அவருக்கு விடுதலை. எல்லாம் சம்பிரதாயம்தான், பயப்பட வேண்டாம்.

யாரோ வெடிமருந்து வைத்தார்களாமே?

ஆமாம், 1605-இல். கத்தோலிக்கர்களை முதலாம் ஜேம்ஸ் அரசர் நடத்திய விதம் பிடிக்காத சிலர், அவரையும் நாடாளுமன்றத்தையும் சேர்த்துத் தகர்க்கத் திட்டமிட்டார்கள். தலைவர் ராபர்ட் கேட்ஸ்பி. பிரபுக்கள் சபைக்கு நேர்கீழே இருந்த ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்தார்கள். ஆமாம், வாடகைக்கு! நாடாளுமன்றத்துக்கு அடியில் யார் வேண்டுமானாலும் இடம் பிடிக்க முடிந்த காலம் அது. அங்கே 36 பீப்பாய் வெடிமருந்தைச் சேர்த்து, மேலே விறகை அடுக்கி மறைத்தார்கள்.

அன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று பிரபு ஒருவருக்குப் பெயரில்லாக் கடிதம் வந்தது. அவர் அதை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். நவம்பர் 5 பிறக்கும் நள்ளிரவு நேரத்தில் தேடிப்போனவர்களிடம் கை விளக்கோடு மாட்டியவர் கை ஃபாக்ஸ். அந்த விளக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 5 அன்று வாணவேடிக்கை விடுவது இதற்காகத்தான். கூட்டத்தொடர் தொடங்கும் நாளில், அரசரின் காவலர்கள் பழைய சீருடையில் நிலவறைகளில் தேடிப்பார்ப்பதும் இன்றுவரை நடக்கிறது.

அந்தப் பழைய அரண்மனை எங்கே போனது?

குச்சிகளால் எரிந்தது. விளையாட்டில்லை, உண்மைதான்.

பல நூறு ஆண்டுகளாக இங்கிலாந்து அரசாங்கம் வரிக்கணக்கைக் குச்சிகளில் எழுதிவந்தது. எழுதியது என்பதைவிட வெட்டியது என்று சொல்ல வேண்டும். ஆயிரம் பவுண்டு என்றால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு. நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கொடுத்தவர் ஒரு பாதியும் வாங்கியவர் ஒரு பாதியுமாக வைத்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்துவைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒருவர் மட்டும் ஏமாற்ற முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

1826-இல் இந்த முறையைக் கைவிட்டார்கள். பழைய குச்சிகள் மலைபோல் தேங்கிக் கிடந்தன. ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம். 1834 அக்டோபர் 16 அன்று, பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்துவிடச் சொன்னார்கள். இரண்டு வண்டிக் குச்சிகள். வேலையாட்கள் காலையிலிருந்து மாலைவரை அள்ளி அள்ளிப் போட்டார்கள். பிற்பகலில் மேலே சபையைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் தரை சுடுகிறது, புகையால் சுவரில் தொங்கும் திரைச்சீலைகள்கூடத் தெரியவில்லை என்று சொன்னார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் கட்டடம் பற்றிக்கொண்டது. சுவர்களுக்குள் ஓடிய புகைபோக்கி வழியாக நெருப்பு உள்ளுக்குள்ளேயே ஏறியிருந்தது.

லண்டனே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. ஓவியர் டர்னர் அந்தக் காட்சியை வரைந்தார். மக்கள் சபை, பிரபுக்கள் சபை இரண்டும் போயின. நாட்டுக்கே அளவுகோலாக வைத்திருந்த ஒரு கஜக் கோலும் ஒரு பவுண்டு எடைக்கல்லும்கூட அந்த நெருப்பில் பாழாயின. தீயணைப்பு வீரர்கள் பாடுபட்டதாலும் காற்று சாதகமாகத் திரும்பியதாலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் தப்பியது. பழைய ஆவணங்களை வைத்திருந்த ஜூவல் டவர் என்ற கோபுரமும் தள்ளி நின்றதால் தப்பியது.

இப்போது நாம் பார்க்கும் கட்டடத்தைக் கட்டியது யார்?

சார்ல்ஸ் பாரி, அகஸ்டஸ் ப்யூஜின் என்ற இருவர். தீக்குப் பிறகு ஒரு போட்டி வைத்தார்கள், 97 வரைபடங்கள் வந்தன, பாரி ஜெயித்தார். கட்டடத்தின் உடல் பாரியுடையது என்றால் உடை, நகையெல்லாம் ப்யூஜினுடையது. சுவரில் ஒட்டும் காகிதம், கதவுக் கைப்பிடி, மைக்கூடு, தொப்பி மாட்டும் கொக்கிவரை அவரே வரைந்துகொடுத்தார்.

ஆறு ஆண்டில் முடித்துவிடுவேன் என்றார் பாரி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. செலவும் சொன்னதைப்போல் மூன்று மடங்குக்கு அருகே போனது. ப்யூஜின் 1852-இல் 40 வயதில் இறந்தார், பாரி 1860-இல். முழுவதும் முடிந்ததை இருவருமே பார்க்கவில்லை. 1,100-க்கும் மேற்பட்ட அறைகள், நூறு படிக்கட்டுகள், ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நடைபாதை. புதிய எம்.பி.க்கள் வழி தெரியாமல் திண்டாடுவது சகஜம். தரைவிரிப்பைப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும்: பச்சை என்றால் மக்கள் சபைப் பக்கம், சிவப்பு என்றால் பிரபுக்கள் பக்கம்.

பிக் பென் என்பது அந்தக் கோபுரம்தானே?

இல்லை, கோபுரத்துக்குள் இருக்கும் பெரிய மணி. கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் டவர் என்று பெயர். உயரம் 96 மீட்டர். மணியிருக்கும் இடத்துக்கு 334 படி ஏற வேண்டும். லிஃப்டில் போகலாம் என்று எண்ணிப் போகாதீர்கள்.

முதலில் வார்த்த மணி சோதனையிலேயே விரிசல் விட்டது. இரண்டாவது மணி 13.7 டன். அதுவும் 1859-இல் ஒலிக்கத் தொடங்கிய இரண்டே மாதத்தில் விரிசல் விட்டது! பிறகு மணியைக் கொஞ்சம் திருப்பிவைத்து, எடை குறைந்த சுத்தியலைப் பொருத்தினார்கள். இன்று நாம் கேட்பது விரிசல் விட்ட மணியின் ஓசைதான்.

கடிகாரம் மெதுவாக ஓடினால் என்ன செய்வார்கள் தெரியுமா? ஊசல்மேல் ஒரு பழைய பென்னி நாணயத்தை வைப்பார்கள். ஒரு நாளைக்கு 0.4 விநாடி வேகம் கூடும். வேகமாக ஓடினால் ஒரு நாணயத்தை எடுத்துவிடுவார்கள்.

ஆற்றங்கரையில் இருந்தால் காற்று ஜிலுஜிலுவென்று வருமே?

1858 கோடையில் வந்தது நாற்றம். லண்டனின் கழிவெல்லாம் அப்போது தேம்ஸில்தான் கலந்தது. வெயில் ஏற ஏற எம்.பி.க்களால் மூக்கைப் பிடிக்காமல் உட்கார முடியவில்லை. சன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பல ஆண்டுகளாக இழுத்தடித்த பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குச் சில வாரங்களிலேயே சட்டம் போட்டார்கள்.

போரில் குண்டு விழவில்லையா?

பலமுறை விழுந்தது. 1941 மே 10 இரவுதான் மிக மோசம். மக்கள் சபையும் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலும் ஒரே நேரத்தில் எரிந்தன. இரண்டையும் காப்பாற்றத் தண்ணீரும் ஆளும் போதவில்லை. சபையைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், அந்த மரக்கூரையைக் கட்ட முடியாது என்று ஹாலைக் காப்பாற்றினார்கள். சபை தரைமட்டமானது.

1950-இல் புதிய சபை திறந்தது. வேண்டுமென்றே அதைச் சிறியதாகக் கட்டினார்கள். இன்று எம்.பி.க்கள் 650 பேர். இருக்கை சுமார் 427. பெரிய மண்டபமாக இருந்தால் பாதிநாள் வெறிச்சோடி, விவாதத்தில் சூடு இருக்காது என்று பிரதமர் சர்ச்சில் வாதாடியிருந்தார். அதனால் முக்கியமான நாட்களில் பலர் நின்றுகொண்டுதான் கேட்பார்கள். இடம் பிடிக்க விரும்புபவர் காலையிலேயே வந்து ஒரு சீட்டை இருக்கையில் வைத்துவிட்டு, தொடக்கப் பிரார்த்தனைக்கும் வந்துவிட வேண்டும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான்.

அந்த அரண்மனைக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நல்லதும் கெட்டதுமாக. 1950-இல் புதிய சபைக்குப் பல நாடுகள் பரிசு கொடுத்தன. சபாநாயகர் நாற்காலி ஆஸ்திரேலியா கொடுத்தது, நடுமேசை கனடா கொடுத்தது. நுழைவுக் கதவுகள் இந்தியாவும் பாகிஸ்தானும் கொடுத்தவை. அவைக் காவல் அதிகாரியின் நாற்காலி இலங்கை கொடுத்தது.

அதற்கு வெகுகாலம் முன்பே, சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையில் இருந்த ஆற்காடு நவாபின் கடன் அங்கே பெரிய விவகாரம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களே அவருக்கு வட்டிக்குக் கொடுத்துக் கொழுத்தார்கள். அந்தப் பணத்தில் இங்கிலாந்து போய் எம்.பி.யாகவும் ஆனார்கள். கடைசியில் அந்த வட்டியெல்லாம் நவாபின் நாட்டு உழவர்கள் தலையில்தான் விழுகிறது என்று 1785-இல் எட்மண்ட் பர்க் மக்கள் சபையில் நீண்ட உரை ஆற்றினார். வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் விசாரணை நடக்கக் காரணமாக இருந்தவரும் அவர்தான். அந்த விசாரணை 1788-இல் தொடங்கி ஏழு ஆண்டு இழுத்தது; ஹேஸ்டிங்ஸ் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானது.

1892-இல் பம்பாயிலிருந்து போன தாதாபாய் நவ்ரோஜி எம்.பி. ஆனார். 2024 தேர்தலில் ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகள் உமா குமரன் லண்டன் தொகுதி ஒன்றில் வென்று அதே சபைக்குப் போயிருக்கிறார்.

பெண்கள் எப்போது எம்.பி. ஆனார்கள்?

1919-இல் நான்சி ஆஸ்டர் சபையில் உட்கார்ந்தார். 1918 வரை நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமையே கிடையாது. அதற்காகப் போராடிய எமிலி டேவிசன், 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில் இந்த அரண்மனையின் நிலவறைக் கோயிலில் ஒரு துடைப்ப அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார். அந்த இரவில் எங்கே இருக்கிறோமோ அதுதான் முகவரியாகப் பதிவாகும். எம்.பி.க்களுக்கு இருக்கும் அதே முகவரி தனக்கும் பதிவாக வேண்டும் என்பது அவர் கணக்கு. பதிவும் ஆனது.

இப்போது கட்டடம் நல்ல நிலையில் இருக்கிறதா?

இல்லை. கூரை ஒழுகுகிறது, கல் உதிர்கிறது, குழாய்களும் மின்கம்பிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எலித்தொல்லை வேறு. பலமுறை நெருப்புக்குப் பறிகொடுத்த இடம் என்பதால் இரவும் பகலும் ஆட்கள் சுற்றிவந்து தீ கண்காணிக்கிறார்கள். எல்லோரும் வெளியேறி முழுதாகப் பழுதுபார்க்க வேண்டும் என்று 2018-இல் எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் போன பாடில்லை. செலவை நினைத்தும், ஒருமுறை போனால் திரும்பி வரவிடுவார்களா என்ற சந்தேகத்திலும் தள்ளிக்கொண்டே போகிறார்கள்.

நாங்கள் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். சபை நடக்காத நாட்களில் முன்பதிவு செய்து சுற்றிப்பார்க்கலாம். சபை நடக்கும்போது மேல்மாடத்தில் உட்கார்ந்து கேட்கலாம். ஒரே ஒரு கண்டிப்பு: மக்கள் சபையின் பச்சைப் பெஞ்சுகளில் உட்காரக் கூடாது. கால் எவ்வளவு வலித்தாலும் சரி, எம்.பி.க்களுக்கு மட்டும்தான். இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 2009 முதல், 11 முதல் 18 வயதுவரை உள்ள பிரிட்டன் இளையோர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தச் சபையில் கூடி விவாதிக்கிறார்கள். பச்சைப் பெஞ்சில் உட்கார்ந்துதான். சபாநாயகரே வந்து சபையை நடத்துகிறார்.